தலைமுடியும் கைமுடியும்: வளர்ச்சியை வீட்டிலேயே அளப்பது எப்படி?

கையை மழித்தால் முடி தடித்து வளரும் என்று என் அக்காள் மகள் பயந்துபோயிருந்தாள். வாயால் சொல்லித் தேற்ற முடியவில்லை. தைப்பூசக் காவடிக்கு மொரிஷியஸின் காத்ர் போர்ன் மலைக் கோயிலில் நான் மொட்டையடித்துக்கொண்ட அன்றே என் முன்கையிலும் ஒரு சிறு சதுரத்தை மழித்து, அளக்கத் தொடங்கினேன்.

எஃகு அளவுகோல், புது பிளேடு, கைபேசி, பூதக்கண்ணாடி போதும். தையல் டேப் கூடவே கூடாது. துணி இழுபட்டால் ஒரு மில்லிமீட்டர் ஓடிவிடும். நம் கணக்கே மில்லிமீட்டரில்தான்.

1. மொட்டையடிக்காதவர்கள் காதுக்குப் பின்னால் ஒரு சென்டிமீட்டர் சதுரம் மழிக்கலாம், மேல்முடி மறைத்துவிடும். முன்கையில் மச்சத்தை ஒட்டி மழியுங்கள். பேனா அடையாளம் குளித்தால் போய்விடும், மச்சம் போகாது. புருவத்தில் கை வைக்காதீர்கள்.

2. அளவுகோலைப் பக்கத்தில் வைத்து உடனே படமெடுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். ஃபிளாஷ் போட்டால் தோல் பளபளத்துப் புள்ளிகள் மறைந்துவிடும்.

3. தலையை மூன்றாம் நாளும் கையை ஒரு வாரம் கழித்தும் மறுபடி படமெடுங்கள்.

4. நான் தவறியது இங்கேதான். எல்லா முடியையும் கூட்டிச் சராசரி எடுத்தேன். கையில் பல புள்ளிகள் அசையவே இல்லை; கைமுடி ஆமை வேகம் என்று எழுதி வைத்துவிட்டேன். அசையாதவை ஓய்வுப் பருவத்தில் இருக்கும் முடிகள். அவற்றைத் தனியாக எண்ணிவிட்டு, வளர்ந்தவற்றை மட்டும் அளக்க வேண்டும். தலையில் பத்துக்கு ஒன்பது முடி வளரும் பருவத்திலேயே இருக்கும். கையில் அப்படி இல்லை.

நீளத்தின் ரகசியமும் இதுதான். தலைமுடி மாதம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வீதம், 2 முதல் 6 ஆண்டு வரை விடாமல் வளர்கிறது. கைமுடிக்கும் புருவத்துக்கும் வளரும் காலம் சில மாதங்களுக்குள் முடிந்துவிடுகிறது. பிறகு ஓய்வு, உதிர்வு, மறுபடி முளைப்பு. அதனால்தான் கைமுடியை யாரும் வெட்டிவிட வேண்டியிருப்பதில்லை.

இனி தடிமன். மழிக்காத முடி ஒன்றையும் மழித்து முளைத்த முடி ஒன்றையும் வெள்ளைத் தாளில் வைத்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். முதலாவதன் நுனி ஊசியாக இருக்கும். மற்றது வெட்டிய கரும்புக்கட்டை போல மொட்டையாக நிற்கும். தடவினால் குத்துவது அந்த மொட்டை நுனிதான். வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது, பிளேடு அதைத் தொடுவதே இல்லை. மழிப்பதால் முடி தடிப்பதில்லை என்று அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் மில்ட்ரெட் டிராட்டர் 1928-லேயே அளந்து காட்டியிருக்கிறார். அக்காள் மகள் இரண்டு முடியையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு தன் கைமுடி ஒன்றைப் பிடுங்கித் தாளில் வைத்தாள்.

பின்சேர்க்கை: பிள்ளை பெற்று மூன்று மாதமான ஒரு வாசகி, தலையிலேயே நிறையப் புள்ளிகள் அசையவில்லை என்று எழுதியிருந்தார். பேறுகாலத்துக்குப் பின் ஏராளமான முடி ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய் உதிர்வது இயல்பு. அவர் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குப் பிறகு அளந்தால் சரியான கணக்கு கிடைக்கும்.