ஏற்காட்டில் நடந்து பழகி இமயமலைக்குக் கிளம்புகிறவர்களே, பனிச்சரிவைப் பற்றிக் கொஞ்சம்

சேலத்துக்காரர்களுக்குப் பனி என்றால் டிசம்பர் காலையில் ஏற்காடு மலைப்பாதையில் முன்னால் போகும் பஸ்ஸை மறைக்குமே, அதுதான். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நடந்தே ஏறிப் பழகிவிட்டு ஜனவரியில் உத்தராகண்டுக்கோ இமாச்சலுக்கோ கிளம்புகிறீர்கள், சரி, கால் தயார். அங்கே முதலில் பார்க்க வேண்டியது சரிவின் கோணத்தை.

பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்பும். கண்ணளவை நம்பாதீர்கள். கைக்கம்பைச் சரிவின்மேல் படுக்கவைத்து, அதன்மேல் போனை வைத்து, கோணம் காட்டும் ஆப்பைத் திறந்தால் போதும். ஏற்காட்டிலேயே ஒரு மண்மேட்டில் செய்து பாருங்கள். நான் 45 என்று அடித்துச் சொன்ன மேடு 31தான் காட்டியது. அப்புறம், நீங்கள் நிற்பது சமதளமாக இருந்தாலும் தலைக்கு மேல் அப்படியொரு சரிவு இருந்தால் அங்கே கிளம்பும் பனி உங்கள்மேல்தான் வந்து விழும். கூடாரம் அடிக்கும்போது இதைத்தான் மறந்துவிடுகிறோம்.

அடுத்தது அடுக்கு. நம்ம ஊர் சேகோ ஆலைக் களத்தில் காயும் ஜவ்வரிசிமேல் ஒரு பலகையைப் போட்டு ஏறி நின்றால் என்ன ஆகும்? பனியிலும் அதே கதைதான். ஒன்றோடொன்று ஒட்டாமல் சர்க்கரை போல உதிரும் பழைய பனி அடியில், காற்றடித்து இறுகிய புதுப்பனி மேலே. ஆள் ஏறியதும் மேலடுக்கு பலகை பலகையாகப் பெயர்ந்து ஓடும். சிக்கி இறப்பவர்களில் பெரும்பாலோர் மேல் விழுவது, அவர்களோ உடன் வந்தவரோ மிதித்துக் கிளப்பிய பனிச்சரிவுதான்.

காலடியில் ‘தொம்’மென்று பனி அமுங்கும் சத்தம், நடக்க நடக்க முன்னால் ஓடும் விரிசல், பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனிச்சரிவு விழுந்த தடம், இதில் ஒன்றைக் கண்டாலும் திரும்பிவிடுங்கள். ஒரே நாளில் 30 செ.மீ. பனி கொட்டினாலோ, காற்று பனியை வாரி மறுபக்கச் சரிவில் குவித்தாலோ, திடீரென்று வெயில் ஏறினாலோ பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், ரயில் டிக்கெட் காசு போனால் போகட்டும். சண்டிகரில் உள்ள டி.ஜி.ஆர்.இ. என்ற பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது, கிளம்பும் முன் அதையும் பாருங்கள்.

சந்தேகமான சரிவை ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும். டிரான்சீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க சிக்னல் அனுப்பவும் வாங்கவும் செய்யும் சிறு கருவி), குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி மூன்றும் ஆளுக்கு ஒன்று, கூட்டத்துக்கு ஒன்று அல்ல. புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. அதற்குள் அடிவாரத்திலிருந்து யாரும் வரமாட்டார்கள். டிரான்சீவர் வாடகைக்குக் கிடைத்தால் ஒன்றைப் பையில் போட்டு, தெரிந்தவர் காப்பித் தோட்டத்தில் சருகுக்குள் ஒளித்துவைத்துத் தேடிப் பழகுங்கள். முதல் தடவை எங்களுக்கு 22 நிமிடம் ஆனது.