பிள்ளைக்குப் புற்றுநோய் என்றால்: அன்பினால் செய்யும் தவறுகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவிலிருந்து மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பிள்ளையைக் கொண்டுபோகும் பெற்றோர் பலர் நோயின் பெயரை மறைத்துவிடுகிறார்கள். "சும்மா காய்ச்சல்தான்" என்கிறார்கள். தலைமயிர் கொட்டும்போதும் பக்கத்துக் கட்டிலில் கதைப்பது காதில் விழும்போதும் பிள்ளைக்கு விளங்கிவிடும். கேட்க ஆளில்லாமல் தனக்குள் பயப்படும். 3 முதல் 6 வயதுப் பிள்ளைகள், தாங்கள் குழப்படி செய்ததால்தான் வருத்தம் வந்தது என்றுகூட நினைப்பார்கள். அதனால் இவ்வளவையும் கட்டாயம் சொல்லுங்கள்: "இதுக்குப் பேர் இரத்தப் புற்றுநோய். நீ செய்த எதாலயும் வரேல்லை. ஒருத்தருக்கும் தொற்றாது." மிச்சத்தைக் கேட்கும்போது சொல்லலாம்.

"ஊசி நோகாது" என்பதும் பொய்தான். ஒருமுறை நொந்துவிட்டால், அம்மாவின் அடுத்த சொல்லையும் பிள்ளை நம்பாது. "கொஞ்சம் நோகும், அம்மா கையைப் பிடிச்சுக்கொண்டிருப்பன்" என்று சொல்லுங்கள். முதல்நாளே பொம்மைக்கு ஊசி போட்டு விளையாட விடுங்கள். கனுலா (மருந்தேற்ற நாளத்தில் வைக்கும் மெல்லிய குழாய்) ஏற்றும்போது உங்கள் விரலை மெழுகுதிரியாக நீட்டி, மெதுவாக, நீளமாக ஊதச் சொல்லுங்கள். நீண்டு வெளியேறும் மூச்சு உடம்பின் இறுக்கத்தைத் தளர்த்தும், கவனமும் ஊசியை விட்டு விலகும். நாலு பேர் சேர்ந்து கட்டிலில் அமத்திப் பிடித்தால் பயம் கூடும். மடியில் இருத்தி நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கலாமா என்று தாதியிடம் கேளுங்கள்.

அம்மம்மாவோடு ஊரில் நிற்கும் சகோதரங்களை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை பெரும்பாலும் 2, 3 வருசம் நீளும். அவ்வளவு காலமும் "நீ பெரிய பிள்ளை, பொறுத்துக்கொள்" என்றால் அந்தப் பிள்ளை உடைந்துபோகும். தினமும் பின்னேரம் ஒரே நேரத்துக்குப் போன் எடுங்கள், 10 நிமிடம் போதும். முதலில் பள்ளிக்கூடக் கதை, வருத்தக் கதை பிறகு.

நேர்த்தி வைப்பது மனத்துக்குப் பெரிய ஆறுதல். வெண்குருதிக் கலங்கள் குறைந்திருக்கும் நாட்களில் மட்டும், வற்றாப்பளைப் பொங்கலுக்கோ மடுத் திருவிழாவுக்கோ, அந்தச் சனத்துக்குள் பிள்ளையைக் கொண்டுபோகவேண்டாம். தொற்று வந்தால் உயிருக்கே ஆபத்து. நேர்த்தியைப் பெரியவர்கள் போய்த் தீர்க்கட்டும். "ஆர் செய்த பாவமோ" என்று வாசலில் நின்று கதைக்கும் உறவுகளை அங்கேயே நிறுத்துங்கள், பிள்ளைக்குக் கேட்கும்.

உறவுகளே, தாயிடம் "2009 யுத்தத்தையே தாங்கின நீ, இதையும் தாங்கு" என்று சொல்லாதீர்கள். பழைய இழப்பு அவளைப் பலப்படுத்திவிட்டது என்று அர்த்தமில்லை, புதுப் பயம் அந்தக் காயத்தின் மேலேதான் விழுகிறது. அவள் அழட்டும், பிள்ளைக்கு முன்னால் அழுதாலும் "அம்மாக்குக் கவலை, உன்னில கோபமில்லை" என்று சொன்னால் போதும். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையோ சாப்பாடோ இல்லையென்றால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.