குவாண்ட் ஃபைனான்ஸில் மாஸ்டர்ஸ்: எந்தப் படிப்பில் சேருவது?

கணிதத்தையும் நிரலாக்கத்தையும் வைத்து நிதிச் சந்தையின் விலைகளையும் ரிஸ்க்கையும் கணக்கிடும் துறைதான் குவாண்ட் ஃபைனான்ஸ். நான் ஒரு வங்கியில் மாடல் வேலிடேஷன் குழுவில் இருக்கிறேன். டெரிவேட்டிவ்களுக்கு (பங்கு, வட்டி போன்ற வேறொன்றின் விலையை ஒட்டி மதிப்பு மாறும் ஒப்பந்தங்களுக்கு) விலை கணக்கிடும் மாடலை ஒரு குழு எழுதும். நாங்கள் அதே கணக்கை வேறு வழியில் போட்டுப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று சொல்வோம். புதிதாக ஆள் எடுக்கும்போது மாஸ்டர்ஸ் முடித்து வருபவர்களோடு நேர்காணலில் உட்காருவதும் என் வேலையில் ஒரு பகுதி. எந்தப் படிப்பில் சேரலாம் என்று யாராவது கேட்டால், முடித்ததும் என்ன வேலை பார்க்க ஆசை என்றுதான் முதலில் கேட்பேன்.

ஏனென்றால் வாங்கி விற்கும் டிரேடிங் டெஸ்க்கில் மாடல் எழுதுபவர், ரிஸ்க் பிரிவில் இருப்பவர், என்னைப் போலச் சரிபார்ப்பவர், பெரிய முதலீட்டாளர்களின் பணத்தை நிர்வகிக்கும் ஹெட்ஜ் ஃபண்டில் ஆராய்ச்சி செய்பவர், இதையெல்லாம் வேகமாக ஓட வைக்கும் நிரலாளர் என எல்லோருமே குவாண்ட்தான். மாஸ்டர்ஸ் பட்டத்துக்கு எல்லா இடத்திலும் ஒரே மதிப்பு கிடையாது. மாடலை உருவாக்கியவர்களைச் சாராத ஆட்கள் அதைச் சோதிக்க வேண்டும் என்று 2011-இல் அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வழிகாட்டுதல் வெளியிட்டது. இப்படிச் சரிபார்க்கும் வேலைகளுக்கு மாஸ்டர்ஸ் நேரான வழி. ஹெட்ஜ் ஃபண்ட் ஆராய்ச்சி வேலைக்கோ பல இடங்களில் பிஎச்.டி. எதிர்பார்க்கிறார்கள். உங்கள் குறி அதுதான் என்றால், கடன் வாங்குவதற்கு முன் அந்த வழியையும் யோசித்துவிடுங்கள்.

அடுத்து, படிப்பு எந்தத் துறையில் நடக்கிறது என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. கொலம்பியாவில் கணிதத் துறை ஒரு படிப்பு நடத்துகிறது, பொறியியல் பக்கம் இன்னொன்று இருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்திலும் கூரான்ட் நிறுவனத்தில் ஒன்று, டான்டன் பொறியியல் பள்ளியில் ஒன்று. பாரிஸில் கணிதப் பேராசிரியர் நிக்கோல் எல் கரூயி 1990-இல் தொடங்கிய படிப்பு நிகழ்தகவிலேயே ஊறியது. கணிதத்தில் கை தேர்ந்தவர்களுக்குத்தான் அது சரிப்படும். கார்னகி மெலனில் நான்கு துறைகள் சேர்ந்து நடத்துவதால் கணிதம், புள்ளியியல், ஃபைனான்ஸ், கணினி எல்லாம் கலந்து வரும். உங்களுக்கு எதில் பலம், எதில் ஓட்டை என்பதைப் பொறுத்தது இது. தரவரிசைப் பட்டியல்களை முதல் வடிகட்டலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

சிலபஸ் எவ்வளவு புதியது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. வட்டி விகித மாடல்கள் பற்றிய பாடத்தைத் திறந்து பாருங்கள். லைபார் என்பது வங்கிகள் ஒன்றுக்கொன்று கடன் கொடுக்கும் வட்டியைக் காட்டிய அடிப்படை விகிதம். வங்கிகள் தரும் விவரத்தை வைத்து டாலர் லைபார் விகிதத்தை நிர்ணயிக்கும் முறை 2023 ஜூன் இறுதியோடு முடிந்துவிட்டது. இப்போது அந்த இடத்தில், ஒரு நாள் கடன்களின் வட்டியிலிருந்து கணக்கிடும் சோஃபர் விகிதம் இருக்கிறது. லைபாரில் வட்டிக் காலம் தொடங்கும்போதே விகிதம் தெரிந்துவிடும். சோஃபரில் ஒவ்வொரு நாள் விகிதத்தையும் கூட்டு வட்டியாகச் சேர்த்துக்கொண்டே போவதால், காலம் முடியும்போதுதான் முழுத் தொகை தெரியும். விலை போடும் கணக்கே இதனால் மாறுகிறது. பாடத்திட்டத்தில் லைபார் மட்டுமே இருந்து சோஃபர் கண்ணில் படவில்லை என்றால், அந்தப் பாடத்தைப் பல வருடமாக யாரும் தொடவில்லை என்று அர்த்தம்.

நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது வேலைவாய்ப்பு அறிக்கையில். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் 95 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். எதில் 95 சதவீதம் என்று கீழே சின்ன எழுத்தில்தான் இருக்கும். ஒரு வகுப்பில் 80 பேர் என்று வைத்துக்கொள்வோம். 60 பேர் வேலை தேடியதாகக் கணக்கில் எடுக்கிறார்கள், அதில் 57 பேருக்குக் கிடைத்தது. 95 சதவீதம் வந்துவிட்டது. ஆனால் 80-ல் 57 என்றால் 71 சதவீதம்தான். மீதி 20 பேர் மேற்படிப்புக்குப் போனார்களா, பழைய வேலைக்குத் திரும்பினார்களா, பதிலே சொல்லவில்லையா? அறிக்கையில் இல்லாவிட்டால் மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். நேர்மையாக நடத்துபவர்கள் எண்ணிக்கையோடு பதில் தருவார்கள். அப்புறம் பதவிப் பெயர்களைப் படியுங்கள். நிறுவனங்களின் லோகோ வரிசையில் பெரிய வங்கி இருப்பதால் மட்டும் ஒன்றும் ஆகாது, அங்கே குவாண்ட் வேலையா வெறும் ரிப்போர்ட் தயாரிக்கும் வேலையா என்பதுதான் முக்கியம். சம்பளத்தில் சராசரியை விட்டுவிட்டு இடைநிலையை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் சம்பளத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று பெரிய சம்பளம் சராசரியைத் தூக்கிவிடும்.

காலக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் ஆகஸ்டில் சேர்ந்தால், அடுத்த கோடை இன்டர்ன்ஷிப்புக்கான நேர்காணல்கள் அந்த இலையுதிர் பருவத்திலேயே ஆரம்பித்துவிடும். முதல் செமஸ்டர் பாடம் எதுவும் உங்களைக் காப்பாற்றாது, போகும்போதே தயாராகப் போக வேண்டும். பெர்க்லி படிப்பு மார்ச்சில் தொடங்கி ஒரே வருடத்தில் முடிகிறது, இன்டர்ன்ஷிப்பும் அதற்குள்ளேயே. ஆக்ஸ்ஃபோர்டு படிப்பு 10 மாதம்தான். குறுகிய படிப்பு என்றால் இன்டர்ன்ஷிப் எங்கே வருகிறது, வருகிறதா என்று கேட்டே ஆக வேண்டும்.

தயாரா என்று பார்க்க ஒரு கேள்வி. நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருக்கிறீர்கள். அடுத்தடுத்து இரண்டு தலை விழ, சராசரியாக எத்தனை சுண்டல் ஆகும்? தலை விழுந்து உடனே பூ விழ எத்தனை? முதலாவதுக்கு 6, இரண்டாவதுக்கு 4. இரண்டு தலைக்குக் காத்திருக்கும்போது நடுவில் பூ விழுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தலை-பூவுக்குக் காத்திருக்கும்போது மறுபடி தலை விழுந்தாலும் பாதிக் கிணறு தாண்டிய நிலை அப்படியே இருக்கும். இந்தக் காரணம் உங்களுக்குத் தானாக வந்தால் நல்லது. வராவிட்டால் விண்ணப்பிக்கும் முன் நிகழ்தகவு, லீனியர் அல்ஜீப்ரா இரண்டையும் உட்கார்ந்து படியுங்கள். பைத்தான் அவசியம், சி பிளஸ் பிளஸ் தெரிந்திருந்தால் டெஸ்க் வேலைகளுக்கு உதவும்.

செலவு அதிகம் என்பதற்காகப் படிப்பு தரமானது என்று எண்ண வேண்டாம். நியூயார்க்கின் பாரூக் ஒரு பொதுக் கல்லூரி, வகுப்பும் சிறியது. அதன் கட்டணம் பெரிய தனியார் பல்கலைக்கழகங்களை விட மிகக் குறைவு. ஆனாலும் துறைக்குள் அதற்கு நல்ல பெயர்.

கடைசியாக, இடம் கிடைத்த பிறகு அங்கே சமீபத்தில் படித்து முடித்த இரண்டு மூன்று பேரிடம் பேசுங்கள். பல்கலைக்கழகம் கைகாட்டுபவர்கள் தவிர நீங்களாகத் தேடிப் பிடித்தவர்களும் இருக்கட்டும். படிப்பு எப்படி என்று பொதுவாகக் கேட்டால் நன்றாக இருக்கிறது என்பார்கள். உங்கள் முதல் நேர்காணல் பல்கலைக்கழகம் மூலம் வந்ததா நீங்களே தேடியதா, வேலை கிடைக்காத நண்பர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். முன்பணம் கட்டும் கடைசித் தேதிக்குள் இந்த இரண்டுக்கும் பதில் வாங்கிவிடுங்கள்.