கார்ல இருந்து வீட்டுக்கு கரண்ட் எடுக்கறீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

போன வாரம் பக்கத்து தெரு தம்பி ஒருத்தர், புதுசா எலக்ட்ரிக் கார் எடுத்தவர், ஒரு ஒயரை கொண்டாந்து காட்டினார். மூணு மீட்டர் ஒயர், ரெண்டு பக்கமும் பின் வச்ச 16 ஆம்ப் பிளக். "மழைக்கு ரெடிண்ணா, கரண்ட் போச்சுன்னா ஒரு முனை காருக்கு, ஒரு முனை வீட்டு பிளக்குக்கு, மொத்த வீட்டுக்கும் லைட் வந்துரும்"னு அவ்ளோ சந்தோஷமா சொல்றார். எனக்கு வயித்தை கலக்கிடுச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ இதே ஒயரை நானும் என் கையாலயே செஞ்சேன்.

ஈரக்கையோட தொடாதீங்க, தண்ணி நிக்கற இடத்துல காரை நிறுத்தி ஒயர் இழுக்காதீங்க, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரிஞ்சவங்களே பண்ற தப்பைத்தான் இங்க எழுதறேன்.

வி2எல்லும் வி2எச்சும் ஒண்ணுன்னு நினைக்கறது

ஜப்பான்ல 2011 பூகம்பத்துக்கு அடுத்த வருஷமே நிஸான் லீஃப் கார்ல இருந்து முழு வீட்டுக்கும் கரண்ட் குடுக்கற ஏற்பாடு வந்துடுச்சு. ஆனா அது சுவத்துக்கும் காருக்கும் நடுவுல தனியா ஒரு பெரிய பெட்டி வச்சு, ஈபி லைனை முறையா பிரிச்சு செய்யற வேலை, அதுதான் வி2எச், அதாவது வெஹிக்கிள் டு ஹோம். நம்ம ஊர்ல நெக்ஸான் ஈவி, அயோனிக் 5, க்ரெட்டா எலக்ட்ரிக் மாதிரி கார்ல வர்றது வி2எல், அதாவது வெஹிக்கிள் டு லோட். சார்ஜிங் பாயின்ட்ல அடாப்டர் சொருகினா 230 வோல்ட் வரும், சுமாரா மூணு, மூணரை கிலோவாட் வரைக்கும், அவ்ளோதான். ஒரு சாதனத்தை சொருகறதுக்கு குடுத்த பிளக் அது, வீட்டு ஒயரிங்கோட சேர்க்கறதுக்கு குடுத்தது இல்ல. வெளிநாட்டு வீடியோவை பார்த்துட்டு ரெண்டையும் குழப்பிக்கறதுலதான் அடுத்த தப்பே ஆரம்பிக்குது.

ரெண்டு பக்கமும் பின் வச்ச ஒயர்

இதை மட்டும் கொஞ்சம் பொறுமையா படிங்க.

நாங்க இருக்கறது சென்னையில பள்ளிக்கரணை பக்கம், எங்க வீடு கொஞ்சம் மேடு, அதனால கார் தப்பிச்சுது. ஆனா கரண்ட் இல்ல. ரெண்டாவது நாள் இன்வெர்ட்டரும் படுத்துடுச்சு, ஃப்ரிட்ஜ்ல மாமியாரோட இன்சுலின் இருக்கு. சரின்னு வீட்ல கிடந்த ஒயரை எடுத்து ரெண்டு முனையிலயும் பிளக் மாட்டி, மெயினை ஆஃப் பண்ணிட்டு, காரையும் ஹால் பிளக்கையும் சேர்த்தேன். ஃபேன் சுத்துது, ஃப்ரிட்ஜ் ஓடுது, பக்கத்து வீட்டுக்காரங்க ஃபோன் சார்ஜ் போட வர்றாங்க, அப்படி ஒரு நிம்மதி.

மூணாவது நாள் சாயந்தரம் தெரு லைட் எரிஞ்சுது. நான் மாடியில இருந்தேன். மாமியார் தெரு லைட்டை பார்த்துட்டு "கரண்ட் வந்துடுச்சு"ன்னு சொல்லிக்கிட்டே போய் மெயினை போட்டுட்டாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல, யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க. பட்டுனு ஒரு சத்தம், ஹால் பிளக்ல புகை, கார் டிஸ்ப்ளேல செவப்பு எழுத்து.

நடந்தது என்னன்னா, ஏசி கரண்ட் ஒரு செகண்டுக்கு 50 தடவை முன்னையும் பின்னையும் ஆடற ஊஞ்சல் மாதிரி. காரோட ஊஞ்சல் ஒரு தாளத்துல ஆடுது, ஈபியோட ஊஞ்சல் வேற தாளத்துல ஆடுது, ரெண்டையும் ஒரே நேரத்துல சேர்த்தா பலசாலி தள்ற வேகத்துல மத்தவன் ஒடியத்தான் செய்வான். என் கார்ல வெளிய கரண்ட் குடுக்கறதும், வீட்ல போடற சார்ஜை உள்ள வாங்கறதும் ஒரே பெட்டி, ஆன்போர்டு சார்ஜர். அது போச்சு. வி2எல் மட்டும் இல்ல, வீட்டு சார்ஜிங்கே போச்சு. வாரன்டில வராதுன்னுட்டாங்க, ஒன்றரை லட்சத்துக்கு மேல பில், பார்ட் வர்ற வரைக்கும் ஒன்றரை மாசம் ஃபாஸ்ட் சார்ஜர் எங்க இருக்குன்னு தேடி தேடி ஓட்டினேன். இன்னைக்கும் யாராவது "மெயினை ஆஃப் பண்ணிட்டா போதும்ங்க"ன்னு சாதாரணமா சொன்னா எனக்கு கோவம் வருது.

காசு கூட பரவாயில்ல. அந்த ஒயரோட ஒரு முனை கார்ல இருக்கும்போது இன்னொரு முனையை யாராவது உருவினா, வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற பின்ல 230 வோல்ட் நிக்குது, அதை ஒரு குழந்தை தொட்டா என்ன ஆகும்? அதை விட பெரிய பயம், மெயினை ஆஃப் பண்ண மறந்திருந்தா வீட்டு கரண்ட் திரும்ப கம்பத்துக்கு போகும். "ஊருக்கே குடுக்க காருக்கு ஏது சக்தி, உடனே ட்ரிப் ஆயிடும்"னு சிலர் சொல்றாங்க. லைன் முழுசா இருந்தா பெரும்பாலும் ட்ரிப் ஆகும்தான். ஆனா புயல்ல மரம் விழுந்து லைன் அறுந்து, உங்க வீடு மட்டும் ஒரு துண்டு கம்பியோட தனியா தொங்கிட்டு இருந்தா லோடே இல்லியே, கார் பாட்டுக்கு குடுத்துக்கிட்டே இருக்கும். அந்த துண்டு கம்பியை ஒட்டுப்போடத்தான் மழையில லைன்மேன் ஏறறார். சப்ஸ்டேஷன்ல ஆஃப் பண்ணியாச்சுன்னு நம்பி ஏறறார்.

வீட்டு ஒயரிங்குக்கு குடுத்தே ஆகணும்னா லைசென்ஸ் இருக்கற எலக்ட்ரீஷியனை கூப்பிட்டு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்க. ஒரு பக்கம் ஈபி, நடுவுல ஆஃப், மறுபக்கம் கார். கைப்பிடி ஒரு நேரத்துல ஒரு பக்கம்தான் நிக்கும், ரெண்டும் சேர வழியே கிடையாது. நாம ஞாபகமா இருக்கணும்கற வேலையே இல்ல, எனக்கு அதுதான் முக்கியம். அந்த செலவும் வேணாம்னா நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒண்ணை கார்ல சொருகி, ஃப்ரிட்ஜையும் டேபிள் ஃபேனையும் நேரா அதுலயே போடுங்க. முதல் ரெண்டு நாளைக்கு இதுவே தாராளம்.

நியூட்ரலை விட்டுடறது

சேஞ்ச் ஓவர் போட்டவங்களும் மாட்டிக்கற இடம் இது. சில எலக்ட்ரீஷியன் ஃபேஸ் ஒயரை (கரண்ட் வர்ற கம்பி) மட்டும் மாத்திட்டு நியூட்ரலை (கரண்ட் திரும்பிப் போற கம்பி) பழையபடி பொதுவா விட்டுடுவாங்க. ஈபி நியூட்ரல் ட்ரான்ஸ்ஃபார்மர்ல எர்த் ஆகியிருக்கு, பல கார்ல வர்ற ரெண்டு கம்பியும் எர்த்தோட சேராம மிதக்குது. ரெண்டையும் சேர்த்தா சில கார் எர்த் ஃபால்ட்னு சொல்லி நின்னுடும். அடாப்டர் சரியில்லன்னு ஷோரூமுக்கு அலைவீங்க. டபுள் போல் சுவிட்ச் கேளுங்க, ரெண்டு கம்பியும் மாறணும். அதே மாதிரி கார் கரண்ட்ல வீடு ஓடும்போது ஷாக் அடிச்சா ட்ரிப் ஆகற ஆர்சிசிபி சுவிட்ச் வழக்கம் போல காப்பாத்தும்னு நம்பாதீங்க, அந்த எர்த் தொடர்பு இல்லாம அது ட்ரிப் ஆகாமலே போகலாம். இதையும் எலக்ட்ரீஷியன்கிட்ட சொல்லி பார்க்க சொல்லுங்க.

இன்வெர்ட்டர் பிளக்கை பிடுங்கி கார்ல போடறது

யோசனை நல்லதுதான், பேட்டரி சார்ஜ் ஏறும். 150 ஏஎச் ட்யூபுலர் பேட்டரி சார்ஜ் ஆக இருநூறு முன்னூறு வாட்ஸ்தான் இழுக்கும், காருக்கு அது ஒண்ணுமே இல்ல. ஆனா பல வீட்ல இன்வெர்ட்டர்ல இருந்து ஃபேஸ் மட்டும்தான் போகுது, நியூட்ரல் வீட்டோட பொது நியூட்ரல். பிளக்கை உருவினதும் லைட் எரியாது, உடனே ஒரு துண்டு ஒயரை எடுத்து நியூட்ரலை ஜாயின்ட் பண்ணலாம்னு கை பரபரக்கும். பண்ணாதீங்க. பேட்டரி ஏறட்டும், ஏறினதும் பிளக்கை சுவத்துல திரும்ப போடுங்க, லைட் தானா எரியும்.

த்ரீ ஃபேஸ் வீட்ல மூணையும் லூப் அடிக்கறது

கார் குடுக்கறது சிங்கிள் ஃபேஸ். மூணு ஃபேஸையும் ஒயர் போட்டு ஒண்ணா லூப் பண்ணினா த்ரீ ஃபேஸ் மோட்டார் ஓடாது.

போர் மோட்டார்

ஒரு ஹெச்பிதானே, 746 வாட்ஸ்தானேன்னு கணக்கு போடுவாங்க. ஸ்டார்ட் ஆகற அந்த நொடியில அஞ்சாறு மடங்கு கரண்ட் இழுக்கும், கார் பட்டுனு கட் பண்ணும், திரும்ப ட்ரை பண்ணுவாங்க, திரும்ப கட் ஆகும். மழை அறிவிப்பு வந்த அன்னைக்கே டேங்கையும் சம்ப்பையும் ரொப்பிடுங்க.

ஏசி

வேணாம்.

சுருட்டி வச்ச எக்ஸ்டென்ஷன்

முழுசா பிரிச்சு போடுங்க, சுருள் உருகிடும்.

கார் பேட்டரியை அடி வரைக்கும் உறிஞ்சறது

40 யூனிட் பேட்டரி, ஃப்ரிட்ஜ், நாலு ஃபேன், லைட், வைஃபை எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு அஞ்சு ஆறு யூனிட், அப்போ ஒரு வாரம் ஓடும்னு சொல்றாங்க. வி2எல் ஆன்ல இருக்கற வரைக்கும் காரும் முழிச்சுக்கிட்டு இருக்கணும், அதுக்கும் கரண்ட் போகுது. நான் 30 சதவீதத்துல நிறுத்திடுவேன். நம்ம ஏரியாவுல கரண்ட் இல்லன்னா பக்கத்து சார்ஜரும் இருட்டுதான், ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தா அந்த 30தான் துணை.

காரை பாலத்துல விட்டுட்டு வீட்ல தேடறது

2024 அக்டோபர்ல ரெட் அலர்ட் வந்ததும் வெள்ளத்துக்கு பயந்து வேளச்சேரி பாலத்துல கார் வரிசையா நின்னுது ஞாபகம் இருக்கா? நம்ம ஏரியாவுல பேக்கப் கார் கடைசியில நிக்கற இடம் அதுதான். அதனால நான் இப்போ காரை பாலத்துக்கு கொண்டு போறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் ஏத்தி வச்சிடறேன், இன்வெர்ட்டர் பேட்டரி, பவர் பேங்க், எமர்ஜென்சி லைட், ரெண்டு ரீசார்ஜபிள் ஃபேன். இன்சுலினுக்கு ஃப்ரீசர்ல நாலு ஐஸ் பேக் கெட்டியா கிடக்கும். பாலத்துல இருந்து நடந்து திரும்பி வர்றப்போ மழை பிடிச்சிருக்கும், ஆனா வீட்ல எல்லாம் ஃபுல்லா இருக்கும்.