மரபணுச் சுவிட்சின் கூர்மையைக் கணக்கிடும் முறை

லாம்டா ஃபேஜ் என்னும் வைரஸ், எஸ்செரிசியா கோலை பாக்டீரியாவின் டி.என்.ஏ.வுக்குள் தலைமுறைக் கணக்கில் ஒடுங்கிக் கிடந்துவிட்டு, புற ஊதாக் கதிர் பட்டதும் பெருகி அதை உடைத்து வெளியேறும். ஒடுங்கியிருக்கச் செய்வது, 1967-இல் மார்க் டாஷ்னி பிரித்தெடுத்த சி.ஐ. என்ற அடக்கிப் புரதம்; வைரஸின் பெருக்க மரபணுக்களை இயங்கவிடாமல் தடுப்பது அதன் வேலை. அதன் அளவு சற்றே குறைந்தாலும் மரபணுக்கள் சட்டென நிலை மாறுவது ஏன் என்பதைக் காகிதத்திலேயே கணக்கிட்டு அறியலாம்.

முதலில், டி.என்.ஏ.வில் இந்தப் புரதம் வந்து அமரும் பிணைப்பிடம் ஒன்றே இருப்பதாகக் கொள்ளுங்கள். பாதி நிரம்பத் தேவையான செறிவை 1 என வைத்து, அதை அலகாகக் கொண்டு புரதச் செறிவை 'செ' என்று குறித்தால், அவ்விடம் நிரம்பியிருக்கும் பங்கு செ/(1+செ) ஆகும். இது 10 விழுக்காட்டிலிருந்து 90 விழுக்காட்டுக்கு உயர, செறிவு 81 மடங்கு பெருக வேண்டும். இப்படி மந்தமாக ஏறும் வளைகோட்டைச் சுவிட்ச் என்று சொல்ல முடியாது.

அடுத்து, அருகருகே இரண்டு இடங்களை வையுங்கள். லாம்டாவில் இவ்விரண்டின் பிணைப்பு வலிமை வேறுபடும் என்றாலும், கணக்கின் எளிமைக்காக ஒன்றே எனக் கொள்வோம். இரண்டும் காலி, இடப்பக்கம் மட்டும், வலப்பக்கம் மட்டும், இரண்டும் நிரம்பியது என்ற நான்கு நிலைகளுக்கு முறையே 1, செ, செ, கூ×செ×செ என்ற எடைகளை (ஒவ்வொரு நிலையும் நேர்வதற்கான ஒப்பீட்டு வாய்ப்புகளை) எழுதுங்கள். இங்கே 'கூ' என்பது, அடுத்தடுத்து அமர்ந்த புரதங்கள் ஒன்றையொன்று தொட்டுப் பற்றிக்கொள்வதால் கிடைக்கும் ஆதாயம். முழு வித்தையும் இந்த ஓர் எண்ணில்தான் இருக்கிறது. கூ 1 ஆனால் பழைய 81 மடங்கே மிஞ்சும். 100 என வைத்துச் சராசரி நிரம்பலைக் கணக்கிட்டால் தேவை ஏறத்தாழ 12 மடங்காகச் சுருங்கும். கூ-வை எவ்வளவு உயர்த்தினாலும், இரண்டு இடங்களை வைத்து 9 மடங்குக்குக் கீழே இறங்க முடியாது.

மூன்றாவதாக, சி.ஐ. மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணை சேர்ந்த பின்னரே டி.என்.ஏ.வில் உறுதியாகப் பிணைகிறது என்பதைச் சேருங்கள். செறிவு குறைவாக உள்ளபோது, இணைகளின் அளவு தனி மூலக்கூறுகளின் செறிவின் இருபடிக்கு நேர்விகிதமாக இருக்கும். ஆகவே 12-இன் வர்க்கமூலம் எடுத்தால், தனி மூலக்கூறு ஏறத்தாழ மூன்றரை மடங்கு மாறினாலே போதும் என்று வரும். பெரும்பாலானவை ஏற்கெனவே இணைந்துவிட்ட உயர் செறிவில் இந்தச் சலுகை கிடையாது.

கடைசியாக, 81-இன் மடக்கையை, கிடைத்த மடங்கின் மடக்கையால் வகுத்தால் வளைகோட்டின் கூர்மையை அளக்கும் ஹில் குணகம் வரும். இங்கே அது சுமார் 3.6. இதைப் பிணைப்பிடங்களின் எண்ணிக்கை என்று படிப்பது பரவலான பிழை. வளைகோட்டின் செங்குத்தை மட்டுமே அது சொல்கிறது. ஒன்றுக்கொன்று வேறான பொறிமுறைகள் ஒரே எண்ணைத் தரக்கூடும்.

பொறிமுறையைச் சோதிக்க, டி.என்.ஏ.வில் பிணைந்தாலும் பக்கத்துப் புரதத்தைப் பற்றிக்கொள்ளாத சி.ஐ. திரிபுகளைப் பயன்படுத்தலாம். கூ 1 ஆகிவிடுவதால், அவற்றின் வளைகோடு தனி மூலக்கூறின் செறிவைப் பொறுத்து 9 மடங்குக்கு விரிய வேண்டும். புற ஊதாக் கதிர் பட்ட பாக்டீரியாவில் டி.என்.ஏ. சேதத்தால் செயல்படத் தொடங்கும் ரெக்ஏ என்ற பாக்டீரியப் புரதத்தின் தூண்டுதலால் சி.ஐ. தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும்போது, இணை சேர்வதற்கும் பக்கத்துப் புரதத்தைப் பற்றுவதற்கும் உதவும் பகுதியே டி.என்.ஏ.வைப் பற்றும் பகுதியிலிருந்து துண்டாகிறது. எனவே அங்கே இரண்டாம், மூன்றாம் படிகளின் ஆதாயம் இரண்டும் ஒரே வெட்டில் பறிபோகின்றன.