வாளியில் மண்ணில்லாத் தோட்டம்: தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கான செய்முறை

மண்ணில்லாமல் செடி வளர்க்க ஆசைப்படுபவர்கள் வழக்கமாக முதலில் வாளி வாங்கத்தான் கிளம்புகிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்கள் முதலில் தண்ணீரைப் பாருங்கள். தண்ணீரில் உப்போ காரத்தன்மையோ கூடுதலாக இருந்தால் மண் அதை ஓரளவு தாங்கிக்கொள்ளும். வாளியில் அந்தத் தாங்கல் கிடையாது. வேர் நேராகத் தண்ணீரில் தொங்குவதால், அதில் என்ன இருக்கிறதோ அதுவே செடிக்குப் போகும்.

இங்கே சொல்லப்போவது மோட்டார், மின்சாரம் எதுவும் தேவைப்படாத எளிய முறை. ஹவாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்னார்ட் கிராட்கி இதை உருவாக்கியதால் 'கிராட்கி முறை' என்றே அழைக்கிறார்கள். மூடிய வாளியில் சத்துக் கரைசல், மூடியில் ஒரு துளை, துளையில் சுற்றிலும் ஓட்டைகள் உள்ள சிறு கூடைத்தொட்டி, அதில் செடி. செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும். மேலே உருவாகும் காலி இடத்தில் இருக்கும் வேர்கள் காற்றை வாங்கிக்கொள்ளும், கீழே உள்ளவை தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும்.

முதலில் தண்ணீர்

நம் இரு மாவட்டங்களிலும் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளூரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைதான் ஃபுளூரைடு இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். கொதிக்க வைத்தால் ஃபுளூரைடு போகாது, தண்ணீர் சுண்டுவதால் செறிவு கூடத்தான் செய்யும். கீரை, புதினா போல இலையை அப்படியே உண்ணும் பயிருக்கு, சோதித்துப் பார்க்காத போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஃபுளூரைடைச் சோதித்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு ஒகேனக்கல் தண்ணீர் வந்தால் அதையே பயன்படுத்துங்கள். குளோரின் கலந்திருக்கும் என்பதால் ஓர் இரவு அகலமான பாத்திரத்தில் திறந்து வைத்துவிட்டு எடுத்தால் போதும். எனக்கு மிகவும் பிடித்தது மழைநீர். அதில் கரைந்த உப்பு ஏறக்குறைய இல்லை என்பதால் நாம் போடும் சத்து மட்டுமே கணக்கில் வரும். ஒரு சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10 லிட்டர். பத்துக்குப் பத்தடி தகரக் கூரை ஒரே மழையில் நான்கைந்து வாளியை நிரப்பிவிடும். முதல் மழையில் கூரைத் தூசி வரும், அதை வெளியே விட்டுவிட்டுப் பிறகு பிடியுங்கள்.

போர் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லை என்றால் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரால் அளந்து பாருங்கள். 200க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 400ஐத் தாண்டினால் பாதிக்குப் பாதி மழைநீரோ ஆர்.ஓ. நீரோ கலக்க வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீர் மட்டும் வேண்டவே வேண்டாம், உப்பு முழுவதும் அதில்தான் சேர்ந்திருக்கும்.

வாளியும் மூடியும்

ஓட்டல்களுக்கும் பேக்கரிகளுக்கும் சமையல் எண்ணெயும் வனஸ்பதியும் வரும் 15 அல்லது 20 லிட்டர் வாளி மிகப் பொருத்தம். மூடி இறுக்கமாக உட்காரும், உணவுப் பொருள் வந்த பிளாஸ்டிக் என்பதால் பயமும் இல்லை. பூச்சிமருந்தோ ரசாயனமோ வந்த வாளியை எவ்வளவு கழுவினாலும் எடுக்காதீர்கள்.

இருட்டில் வாளிக்குள் செல்போன் டார்ச்சை எரியவிட்டு மூடிப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் உள்ளே பாசி பிடிக்கும். வெளிப்புறம் ஒரு பூச்சு கறுப்புப் பெயிண்ட், அதன்மேல் வெள்ளை அடியுங்கள். கறுப்பு வெளிச்சத்தைத் தடுக்கும், வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும். கறுப்போடு நிறுத்திவிட்டால் மொட்டை மாடியில் வாளித் தண்ணீர் சுட்டுவிடும்.

மூடியில் இரண்டு அங்குலத் துளைகள் போட வேண்டும். பிளம்பரிடம் வட்டமாகத் துளையிடும் பிட் இருக்கும், கொடுத்தால் ஒரு நிமிட வேலை. கீரை, புதினா என்றால் நான்கு துளை, தக்காளி, மிளகாய் என்றால் ஒன்றே ஒன்று. கூடைத்தொட்டியின் விளிம்பு துளையைவிடப் பெரிதாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் செடியோடு உள்ளே விழுந்துவிடும். நீர்மட்டத்தை அளந்து பார்க்கும் குச்சிக்காக ஓரத்தில் இன்னொரு சிறு துளை.

இடைவெளி எங்கே இருந்தாலும் பஞ்சோ கொசுவலைத் துண்டோ வைத்து அடைத்துவிடுங்கள். தேங்கி நிற்கும் நல்ல தண்ணீர் டெங்குக் கொசுவுக்கு மிகவும் பிடித்த இடம். இதில் அலட்சியம் கூடவே கூடாது.

கூடைக்குள் செடியைப் பிடித்து நிறுத்த நன்றாக அலசிய தென்னை நார்க்கழிவோ சிறு ஜல்லியோ போதும். கிருஷ்ணகிரிப் பக்கம் கருங்கல் ஜல்லிக்குப் பஞ்சமில்லை, அது தண்ணீரில் எதையும் கரைத்துவிடாது. என்ன கல் என்று தெரியாவிட்டால் நாலு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், ஒதுக்கிவிடுங்கள்.

சத்துக் கரைசல்

உரக்கடையில் கேட்டவுடன் தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை எடுத்துத் தருவார்கள். வயலுக்கு நல்ல உரம், வாளிக்கு ஆகாது. அதிலுள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா. யூரியாவை நைட்ரேட்டாக மாற்றித் தரும் நுண்ணுயிர்கள் மண்ணில் ஏராளம், வாளியில் மிகக் குறைவு. போதாததற்கு அதில் சுண்ணாம்புச் சத்தும் இல்லை.

ஓசூர், ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் பசுமைக்குடில் விவசாயமும் சொட்டுநீர் உரமும் பழகிப்போனவை என்பதால் தனித்தனி உரங்கள் எளிதில் கிடைக்கும். 15 லிட்டர் தண்ணீருக்குக் கால்சியம் நைட்ரேட் 12 கிராம், 13:0:45 எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட் 6 கிராம், 0:52:34 எனப்படும் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 3 கிராம், மெக்னீசியம் சல்பேட் 6 கிராம். இவற்றோடு, கீலேட் செய்த (அதாவது எளிதில் படிந்துவிடாமல் கரைந்தே இருக்கும்) இரும்பு சேர்ந்த நுண்ணூட்டக் கலவையை அதன் பாக்கெட்டில் சொன்ன அளவில் சேருங்கள். சமையலறைத் தராசு இவ்வளவு சிறிய எடையைச் சரியாகக் காட்டாது. நகை எடை பார்க்கும் சிறு மின்னணுத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கலக்கும் முறையில் கவனம் தேவை. கால்சியம் நைட்ரேட்டைத் தனி டம்ளரில் கரையுங்கள். மற்றவற்றை வேறு டம்ளரில். வாளியில் தண்ணீர் நிரம்பிய பிறகு ஒன்றை ஊற்றிக் கலக்கி, அதன்பின் மற்றதை ஊற்றுங்கள். இரண்டையும் செறிவாக ஒன்றாகக் கலந்தால் கால்சியமும் சல்பேட்டும் பாஸ்பேட்டும் சேர்ந்து வெள்ளை வண்டலாக அடியில் படியும். படிந்த சத்து செடிக்குக் கிடைக்காது.

கடைசியாக பி.எச். அளவு, அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மை. 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும், நம் ஊர்த் தண்ணீர் பெரும்பாலும் அதற்கு மேல்தான் காட்டும். நீர்த்த பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, அளந்து, மறுபடி விடுங்கள். அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. எலுமிச்சைச் சாறும் இறக்கும், ஆனால் சில நாட்களில் நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிட அளவு பழையபடி ஏறிவிடும். இந்த வேலையைத் தட்டிக்கழித்தால் இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இரும்பு கரைசலில் இருந்தும் செடியால் எடுக்க முடியாத நிலை அது.

நடவு

முதல் பயிருக்குப் புதினாவைச் சொல்வேன். சந்தையில் வாங்கிய கட்டில் தடித்த தண்டுகளைத் தேர்ந்தெடுத்து, அடி இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் வைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் வேர் விடும். பாலக் கீரை வேண்டுமானால் விதையை இரவு முழுக்க ஊறவைத்து நார்க்கழிவில் முளைக்க விடுங்கள். சாலட்டுக்குப் போடும் லெட்யூஸ் கீரை ஓசூரின் குளிர்ச்சிக்கு நன்றாக வரும், தர்மபுரியில் கார்த்திகை முதல் தை வரை மட்டும் முயலுங்கள்.

செடியைக் கூடையில் வைத்ததும், கூடையின் அடிப்பகுதி ஒரு சென்டிமீட்டர் கரைசலில் மூழ்கும்படி நீர்மட்டம் இருக்கட்டும். இளஞ்செடிக்கு மேலே சொன்ன உரத்தில் பாதி அளவு போதும்.

பிறகு மட்டம் இறங்கிக்கொண்டே வரும். இங்கேதான் பலருக்குக் கை நிற்பதில்லை, மறுபடி விளிம்பு வரை நிரப்பிவிடுகிறார்கள். காற்றுக்குப் பழகிய மேல் வேர்கள் மூழ்கினால் மூச்சடைத்து அழுகும். வாளி பாதிக்குக் கீழே போனபின் முழு அளவுக் கரைசல் கலந்து, பாதி வரை மட்டும் ஊற்றுங்கள்.

வாரம் ஒருமுறை மூடியைத் தூக்கி வேரைப் பாருங்கள். நல்ல வேர் வடித்த சேமியா போல வெள்ளையாக, கூடையிலிருந்து கொத்தாகத் தொங்கும், வாசனை எதுவும் இருக்காது. பழுப்பேறி வழவழப்பாகி நாற்றம் வந்தால் வேரழுகல். வெயிற்காலத்தில் இது அதிகம், காரணம் சூடு. 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும் தண்ணீர் 30 டிகிரியில் 7.5தான் தாங்கும். காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் படும் கிழக்குப் பக்கம் வாளியை வையுங்கள், மதியத்துக்குப் பச்சை நிழல்வலை கட்டுங்கள். சித்திரை, வைகாசியில் வாளியைச் சுற்றி ஈரச் சாக்கு போர்த்துங்கள்.

தக்காளி போன்ற பெரிய செடிக்கும் கோடைக்கும் மீன்தொட்டிக் காற்றுப் பம்பு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பம்பை நீர்மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள். கீழே வைத்தால் கரண்ட் போகும்போது தண்ணீர் குழாய் வழியாகப் பின்னேறி பம்புக்குள் இறங்கிவிடும்.

புதினாவை அடியிலிருந்து இரண்டு கணு விட்டு வெட்டினால் திரும்பத் திரும்பத் துளிர்க்கும். ஒரு பயிர் முடிந்ததும் மிச்சக் கரைசலை முருங்கைக்கோ வாழைக்கோ ஊற்றிவிட்டு, வாளியையும் கூடையையும் பிளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவி, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, வெயிலில் காயவைத்த பிறகு அடுத்த நடவுக்கு எடுங்கள்.