காவல் நாயை வீட்டுக்குக் கொண்டுவரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோட்டக் காவலுக்குக் கட்டிப்போட்டிருந்த சிப்பிப்பாறை நாய் ஒன்றைத் தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மூன்றாம் நாளே அதைச் சந்தைக்குக் கூட்டிப்போய் வீடியோ அனுப்புகிறார், "பாருங்க, எவ்வளவு சாது!" என்று. நான் செய்த அதே கூத்து. ஊசி போடுங்கள், அடிக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

கூட்டத்தில் விட்டால் பழகிவிடும்

இதைக் கேட்டால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. குட்டிக்கு 3 வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரைக்கும்தான் புது ஆளும் புதுச் சத்தமும் சுலபமாகப் பழகும். அந்த நாட்களில் பம்புசெட்டையும் ஒரே ஒரு காவல்காரரையும் தவிர எதையும் பார்க்காத நாய்க்கு மிக்சி சத்தமே பூதம். நானோ அப்படி வளர்ந்த என் நாயை பஸ் ஸ்டாண்டு டீக்கடை வாசலில் அரை மணி நேரம் நிறுத்தினேன். முதலில் இழுத்தது, நடுங்கியது, அப்புறம் அசையாமல் நின்றது. சரி, அடங்கிவிட்டது என்று நினைத்தேன். அடங்கவில்லை, பயத்தில் உறைந்துபோயிருந்தது. வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது, உதட்டை நக்கிக்கொண்டே இருந்தது, நீட்டிய பன்னை முகரக்கூட இல்லை. ஆசையாகத் தடவ வந்த பெரியவர் கையில் பல் பதிந்தது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலைந்ததுகூடப் பரவாயில்லை, அதுவரை என் கையிலிருந்து சாப்பிட்ட நாய் அடுத்த 4 மாதம் வாசற்படி தாண்டவில்லை.

தின்கிறதா என்று பாருங்கள், அதுதான் அளவுகோல். ஆட்கள் கண்ணில் படவேண்டும், ஆனால் வேகவைத்த கோழித்துண்டை நாய் நிம்மதியாகத் தின்கிற தூரத்தில் நில்லுங்கள். எங்களுக்கு அது 80 அடியில் தொடங்கியது. தின்ன மறுத்தால் திரும்பி நடங்கள். இன்னொன்று, ஆள் தெரிந்த பிறகுதான் கோழி. முதலிலேயே நீட்டினால், கோழியைக் கண்டாலே ஏதோ வரப்போகிறது என்று மிரள ஆரம்பித்துவிடும்.

வீடியோக்காரரிடம் வாலைப் பாருங்கள் என்று சொன்னேன். நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான்.

சாதாரணக் கழுத்துப் பட்டை

சிப்பிப்பாறைக்குத் தலை ஒல்லி. பின்னால் இழுத்தால் உருவிக்கொண்டு ஓடிவிடும். நெஞ்சையும் சேர்த்துச் சுற்றும் பட்டையான ஹார்னஸ் போடுங்கள்.

கூப்பிட்டால் வரவில்லை என்று திட்டுவது

ராஜபாளையம் நாய் என்றால் முதலில் காது கேட்கிறதா என்று பாருங்கள். அந்த வெள்ளை நிறத்தோடு சில நாய்களுக்குச் செவிடும் சேர்ந்தே வருகிறது. தூங்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கினால் ஓரளவு தெரிந்துவிடும்.

திறந்த வெளியில் அவிழ்த்து விடுவது

சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கு வளர்த்த இனம். பூனை ஓடினால் உங்கள் குரல் அதற்குக் கேட்காது.

கட்டிலுக்கு அடியிலிருந்து இழுப்பது

பயந்து ஒளிந்த நாயை இழுக்க வேண்டாம். தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு விளக்கை அணையுங்கள்.